கூற்றும் அடைப்பும்: பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கதைகளில் பித்துற்ற பெண்

ஒரு கதையில் ஒருத்தி பித்துற்றவள் என்று சொல்லப்படுமானால், அதனைச் சொல்பவர் யார் என்பதே முதலில் எழவேண்டிய வினா. அகப்பாடல்களைப் பயின்றோர்க்கு இவ்வினா புதிதன்று. பாட்டின் பொருளை ஆராயப் புகுமுன் அது தலைவி கூற்றா, தோழி கூற்றா, செவிலி கூற்றா என வரையறுத்துக்கொள்வது நம் உரையாசிரியர் மரபு. கூற்று மாறின் பொருளும் மாறும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தோன்றிய கதைகளில், உளநோயுற்ற பெண்ணும், உளநோயைக் காரணமாகக் காட்டி அறைக்குள் அடைக்கப்பட்ட பெண்ணும் மீண்டும் மீண்டும் வருகின்றனர். அக்கதைகளைக் கூற்று பற்றிய இவ்வினாவோடு அணுகின், நூற்றாண்டின் போக்கில் நிகழ்ந்த ஒரு மாற்றம் புலனாகும். அம்மாற்றத்தை, 1892இல் வெளிவந்த 'மஞ்சள் சுவர்த்தாள்' என்னும் சிறுகதையை நடுவாக வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

அடைப்பு என்றவுடன் இற்செறிப்பு நினைவுக்கு வருதல் இயல்பே. ஆனால் இற்செறிப்பு, களவு வெளிப்படுமோ என அஞ்சிப் பெற்றோர் மகளை மனைக்கண் இருத்துவது. ஈண்டு நாம் காணப்போவதோ, சட்டமும் மருத்துவமும் ஒருங்கே துணைநிற்கக் கணவன் மனைவியை அடைத்துவைப்பது. இரண்டையும் ஒப்பிட்டுக் காண முயல்வதால் பயன் விளையாது.

பெண்ணுரிமை பேசிய முன்னோடிகளுள் ஒருவரான மேரி உல்ஸ்டன்கிராஃப்ட், 1797இல் மறைந்தபோது முற்றுப்பெறாத புதினம் ஒன்றை விட்டுச்சென்றார். அதனை அவர் கணவர் வில்லியம் காட்வின் அடுத்த ஆண்டே வெளியிட்டார். அதன் தலைவி மரியா, பித்தர் காப்பகம் ஒன்றின் அறையிலேயே நமக்கு அறிமுகமாகிறாள். அவளிடமிருந்து கைக்குழந்தையைப் பிரித்து, அவள் செல்வத்தைக் கைக்கொள்ள அவளை அங்கே அடைத்தவன் அவள் கணவன். தன் வாழ்க்கையைத் தன் மகளுக்காக அவள் அங்கிருந்தே எழுதுகிறாள். ஆகவே, அடைக்கப்பட்ட பெண் தானே கூறும் முறை நூற்றாண்டின் வாயிலிலேயே உண்டு எனலாம். ஆயினும் ஒன்று கருதத்தக்கது. மரியா பித்துற்றவள் அல்லள். தான் தெளிந்த அறிவினள் என்பதே அவள் வழக்கின் அடிப்படை. அவ்வழக்கு வெல்லுமாயின் மரியா வெளியே வருவாள். அடுத்த அறையில் உண்மையாகவே பித்துற்றுக் கிடப்பவள் நிலை என்ன? அவளுக்காக வழக்காடுவோர் எவரும் இலர். அவளுக்கு நாவும் இல்லை. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

1847ஆம் ஆண்டு அக்டோபரில் கரர் பெல் என்னும் புனைபெயரில் சார்லட் பிராண்ட்டி வெளியிட்ட 'ஜேன் அயர்' அந்த அடுத்த அறையைத் திறந்து காட்டியது. ஜேன் ஆசிரியையாகப் பணிபுரியும் தார்ன்ஃபீல்டு மாளிகையின் மூன்றாம் மாடியிலிருந்து விந்தையான சிரிப்பொலி கேட்கிறது. அது கிரேஸ் பூல் என்னும் பணிப்பெண்ணின் சிரிப்பென்றே அவளுக்குச் சொல்லப்படுகிறது. மாளிகைத் தலைவன் ராச்செஸ்டரை அவள் மணக்கவிருக்கும் நாளில், திருக்கோயிலில் வழக்கறிஞர் ஒருவர் எழுந்து, அவன் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே ஜமெய்க்காவில் மணம் செய்துகொண்டவன் என்றும், அம்மனைவி இன்னும் உயிரோடிருக்கிறாள் என்றும் அறிவிக்கிறார். அவள்தான் பெர்த்தா. சிரித்தவளும் அவளே.

பெர்த்தாவைப் பற்றி நாம் அறிவன எல்லாம் எங்கிருந்து வருகின்றன? அவள் தாயும் பித்துற்றவள் என்பதும், அவள் ஒழுக்கம் கெட்டவள் என்பதும், அவளோடு நான்காண்டு வாழ்ந்தது துன்பமாயிற்று என்பதும் ராச்செஸ்டர் கூற்று. முப்பதாயிரம் பவுன் அவளோடு வந்தது என்பதும் அவன் வாயாலேயே வெளிப்படுகிறது. அவள் பேச்சாக நூலில் ஒரு சொல்லும் நேரே இல்லை. அவளால் கடியுண்ட உடன்பிறந்தான் ரிச்சர்டு மேசன், அவள் சொன்னதாக ஒரு பயமுறுத்தலை எடுத்துச் சொல்கிறான், அவ்வளவே. கதையின் நடுநின்று இயக்கும் ஒருத்தி, தலைவன் மணத்தைத் தடுப்பவள், மாளிகையை எரிப்பவள், கூரையிலிருந்து வீழ்ந்து இறப்பவள், நானூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூலில் பேசவேயில்லை. ஜேன் அவளைக் காணும் காட்சியில், உருவம் விலங்கா மனிதப்பிறவியா என்ற ஐயம் தோன்றுமாறு வருணனை அமைகிறது.

ஆசிரியைக்கு இது உறுத்தாமல் இல்லை. 1848 சனவரியில் பதிப்பகத்தாரின் வாசகரான வில்லியம்ஸ் என்பவர்க்கு எழுதிய மடலில், அத்தகைய நிலையைக் காண்போர்க்கு இரக்கமே தோன்ற வேண்டும் என்றும், தான் அச்சத்தை மிகுத்து இரக்கத்தைப் போதிய அளவு காட்டாதது குறையே என்றும் அவர் ஒப்புக்கொள்கிறார். கதைக்குள்ளும் ஜேன் ஒருமுறை ராச்செஸ்டரைக் கடிந்துகொள்கிறாள்: பித்துற்றது அவள் குற்றமன்று, அவளை வெறுப்போடு பேசுவது கொடிது என்று. சிறுமியாக இருந்தபோது சிவப்பு அறையில் அடைக்கப்பட்டு அலறி மயங்கியவள் ஜேன். எனவே அக்கடிதலுக்கு ஆழம் உண்டு. ஆனால் கதை அவ்விடத்தில் நிற்காமல் விரைகிறது. இரண்டாம் பதிப்பைத் தாக்கரேக்கு உரிமையாக்கியதும் எதிர்பாராத ஒரு வேதனையை விளைத்தது. தாக்கரேயின் மனைவி மூன்றாம் மகப்பேற்றின்பின் 1840இல் உளநோயுற்றுப் பிரித்து வைக்கப்பட்டிருந்தார் என்பதைச் சார்லட் அப்போது அறியார்.

தார்ன்ஃபீல்டு மாடி வெறுங் கற்பனை அன்று. புதினம் வெளிவந்த காலத்து இங்கிலாந்துச் சட்டம், கட்டணம் பெற்று உளநோயாளரை வைத்திருப்போர்க்கு உரிமம் வேண்டும், இரு மருத்துவர் சான்றிதழ் வேண்டும் என்று விதித்தது. தன் வீட்டில், தன் உறவினரை, ஊதியம் கருதாது வைத்திருப்பவனை அது தொடவில்லை. ராச்செஸ்டர் காப்பகத்திலிருந்து ஒரு காவற்பெண்ணை ஊதியத்துக்கு அமர்த்திக்கொண்டான், மாடிக்கதவைப் பூட்டினான், வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. நலமாக உள்ள மனைவியையே வீட்டில் அடைத்துவைக்கும் உரிமை தனக்கு உண்டென ஒரு கணவன் வாதிட்ட வழக்கில், அத்தகைய உரிமை இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அறுதியிட்டது 1891இல்தான்.

அடுத்த இருபது ஆண்டுகளில் கணவன் கூற்றோடு மருத்துவன் கூற்றும் சேர்ந்துகொண்டது. 1858 சூன் திங்களில் ரோசினா புல்வர் லிட்டன் என்னும் எழுத்தாளர், பிரிந்து வாழ்ந்த தம் கணவரும் குடியேற்ற நாட்டு அமைச்சருமான எட்வர்டு புல்வர் லிட்டனைத் தேர்தல் மேடையருகே பலர் முன்னிலையில் பழித்துப் பேசினார். சில நாட்களில் மருத்துவச் சான்றிதழோடு பிரென்ட்ஃபோர்டில் உள்ள இல்லம் ஒன்றில் அடைக்கப்பட்டார். செய்தித்தாள்கள் கூக்குரலிட்டதால் ஏறக்குறைய மூன்று வாரத்தில் விடுவிக்கப்பட்டார். இதனை அடுத்து 1859, 1860ஆம் ஆண்டுகளில் வில்கி காலின்ஸ் தொடர்கதையாக எழுதிய 'வெள்ளாடைப் பெண்' புதினத்தில், செல்வம் கருதி ஒருத்தி மற்றொருத்தியின் பெயரில் காப்பகத்தில் அடைக்கப்படுகிறாள். இந்நூல் பலருடைய வாக்குமூலங்களின் தொகுப்பு. வழக்கறிஞர், வீட்டுப் பணியாளர், சமையற்காரி எனப் பலரும் தத்தம் பகுதியைக் கூறுகின்றனர். அடைக்கப்பட்ட லாரா மட்டும் கூறுவோர் வரிசையில் இல்லை! அவளுடைய தாய்வழி உடன்பிறப்பான மேரியன் நாட்குறிப்பு எழுதுகிறாள். அவள் காய்ச்சலில் வீழ்ந்ததும் பகைவனாகிய ஃபாஸ்கோ அதனைப் படித்துவிட்டு அதன் கடைசிப் பக்கத்தில் தன் பாராட்டையும் எழுதிவைக்கிறான். பெண் எழுதும் தாள் ஆடவன் கண்ணுக்குத் தப்பாது என்பதை இதனினும் கூர்மையாகக் காட்டிய காட்சி அக்காலத்தில் அரிது.

மேரி எலிசபெத் பிராட்டனின் 'லேடி ஆட்லியின் மறைபொருள்' (1862) இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. லேடி ஆட்லி குற்றவாளி, ஐயமில்லை. குடும்பத்தார் அழைத்த மருத்துவர் மாஸ்கிரேவ், அவள் செய்தவற்றை முதலில் கேட்டபோது, வறுமை தாங்காமல் வீட்டைவிட்டு வெளியேறியதும் செல்வத்துக்காக மணந்ததும் பித்தின் அடையாளங்கள் அல்ல என்றே சொல்கிறார். கொலைச் செய்தி வெளிப்பட்டால் குடும்பத்துக்கு இழிவு என்பது தெரிந்தபின், அவளைச் சிறிது நேரம் கண்டு பேசிவிட்டு, உள்ளுறைந்த பித்து இருக்கிறது, அவள் ஆபத்தானவள் என்று சொல்லி, பெல்ஜிய நாட்டு இல்லம் ஒன்றுக்கு மடல் எழுதித் தருகிறார். வேறு பெயரில் அவள் அங்கே அடைக்கப்பட்டு அங்கேயே இறக்கிறாள். நோய் கண்டறியப்பட்டதா, வேண்டப்பட்டதா? பிராட்டன் விடை சொல்லவில்லை. பரபரப்புக் கதை என்று அக்காலத்துத் திறனாய்வாளர் ஒதுக்கிய நூலில் இத்துணை நுண்மை இருப்பது வியப்பே.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். இல்லினாய் மாநிலத்தின் 1851ஆம் ஆண்டுச் சட்டம், மற்றவர்க்கு வேண்டிய சான்று இன்றியே, கணவன் வேண்டுகோளின்மேல் மணமான பெண்ணைக் காப்பகத்தில் சேர்த்துக்கொள்ள இடம் தந்தது. எலிசபெத் பாக்கர்டு என்பவர் ஆறு குழந்தைகளின் தாய். அவர் கணவர் கால்வினியக் கொள்கையில் உறுதிகொண்ட சமயப் போதகர். மனைவி சமயக் கருத்துக்களில் மாறுபட்டுப் பலர் நடுவே பேசியதை அவர் பித்து என்றார். 1860 சூனில் பாக்கர்டு ஜாக்சன்வில் காப்பகத்துக்குக் கொண்டுபோகப்பட்டு மூன்றாண்டு அங்கே இருந்தார். வீடு திரும்பியபின், கணவர் அவரைக் குழந்தைகள் அறையில் அடைத்துச் சாளரங்களை ஆணியடித்து மூடினார். சாளர இடுக்கின் வழியே வெளியே சென்ற ஒரு மடலால் செய்தி நீதிபதிக்கு எட்டியது. 1864 சனவரியில் கங்ககீ நகரில் நடந்த வழக்கில் நடுவர் குழுவினர் ஏழு நிமிடத்தில் அவர் தெளிந்த அறிவினர் என்று முடிவு கூறினர். வீடு சென்று பார்த்தால் கணவர் குழந்தைகளையும் பொருளையும் எடுத்துக்கொண்டு மாசச்சூசெட்சுக்குப் போய்விட்டிருந்தார். பாக்கர்டு நூல்கள் எழுதி விற்றும் சட்டமன்றங்களை அணுகியும் போராடினார். 1867இல் இல்லினாய், நடுவர் குழுவின் விசாரணையின்றி எவரையும் அடைத்தல் கூடாது என்று சட்டம் இயற்றியது. பாக்கர்டின் வழக்கும் மரியாவின் வழக்கைப் போன்றதே: நான் பித்துற்றவள் அல்லேன் என்பது.

இச்சட்டம் காப்பகத்தின் வாயிலைக் காத்தது. வீட்டு மாடியறையையும் மருத்துவர் அறிவுரையையும் அது காக்கவில்லை. அங்கேதான் சைலஸ் வேர் மிட்செல் வருகிறார். 1829இல் பிறந்த இவர் பிலடெல்ஃபியாவில் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர். உள்நாட்டுப் போரில் காயமுற்ற வீரர்களை ஆராய்ந்து, இழந்த கை கால்கள் இருப்பதுபோல் தோன்றும் உணர்வைப் பற்றி எழுதியவர், கதைகளும் எழுதியவர். 1877இல் வெளியிட்ட 'கொழுப்பும் குருதியும்' என்னும் நூலில் நரம்புத் தளர்ச்சிக்கு உரிய ஓய்வு மருத்துவத்தை விரித்துரைத்தார். நோயாளியை வீட்டாரிடமிருந்து பிரித்து ஆறு வாரம் முதல் இரண்டு திங்கள் வரை படுக்கையில் கிடத்த வேண்டும். பாலும் கொழுப்புணவும் மிகுதியாகத் தரவேண்டும். உடம்பு பிடித்துவிடுதலும் மின்னோட்டமும் உடற்பயிற்சிக்கு மாற்று. முதல் சில வாரங்கள் எழுந்து உட்காருதல், தைத்தல், படித்தல், எழுதுதல் யாவும் விலக்கு. மெலிந்து சோர்ந்த சிலர்க்கு இதனால் நலம் விளைந்தது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆனால் அதே மருத்துவர் 1885இல் ஓவன் விஸ்டர் என்னும் இளைஞரின் நரம்புத் தளர்ச்சிக்குச் சொன்ன மருந்து வேறு. மேற்கே வயோமிங் பண்ணைக்குப் போ என்றார். விஸ்டர் போனார், குதிரையேறினார், கண்டவற்றைக் குறித்துவைத்தார், பின்னர் 1902இல் 'வர்ஜீனியன்' என்னும் புகழ்பெற்ற புதினத்தை எழுதினார். ஒரே தளர்ச்சி, ஆடவனுக்குத் திறந்த வெளி, பெண்ணுக்குப் படுக்கை.

சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் 1860இல் ஹார்ட்ஃபோர்டு நகரில் பிறந்தார். 'டாம் மாமாவின் குடில்' எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவுக்கு இவர் தந்தை மருகர். 1884இல் ஓவியர் வால்ட்டர் ஸ்டெட்சனை மணந்து, அடுத்த ஆண்டு மகளைப் பெற்றபின் கடுஞ்சோர்வில் வீழ்ந்தார். கலிபோர்னியாவுக்குத் தனியே சென்றிருந்தபோது சோர்வு நீங்கியது. வீடு திரும்பியதும் மீண்டும் பற்றியது. நோயின் காரணம் எங்கிருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான குறிப்பு வேண்டியதில்லை. ஆயினும் அதனைக் கேட்பார் இல்லை. 1887இல் மிட்செலிடம் செல்லுமுன், தம் நோயின் வரலாற்றை முறைப்பட எழுதி அவருக்கு நீண்ட மடல் அனுப்பினார். அதனைக் கண்ட மிட்செல், அது தற்பெருமையை மட்டுமே காட்டுகிறது என்றாராம். நோயாளியின் கூற்று நோயின் அடையாளமாக எண்ணப்பட்டது என்க. ஒரு திங்கள் படுக்கையில் இருத்தியபின், வீட்டு வாழ்க்கையையே வாழ்க, குழந்தையை அருகே வைத்துக்கொள்க, அறிவுப்பணிக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமே கொள்க, எழுதுகோலையும் தூரிகையையும் இனி வாழ்நாளெல்லாம் தொடாதொழிக என்ற அறிவுரையோடு அனுப்பினார். அவ்வாறே சில திங்கள் நடந்து பார்த்த கில்மன், கந்தலால் ஒரு பொம்மை செய்து கதவுப் பிடியில் தொங்கவிட்டு அதனோடு விளையாடியதையும், அலமாரிக்குள்ளும் கட்டிலடியிலும் ஊர்ந்து ஒளிந்துகொண்டதையும் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார். 1888இல் கணவரைப் பிரிந்து கலிபோர்னியாவின் பாசடீனாவுக்கு மகளோடு சென்றார். அங்கே 1890இல் எழுதப்பட்டதே 'மஞ்சள் சுவர்த்தாள்'.

ஏறக்குறைய ஆறாயிரம் சொற்களில் அடங்கும் சிறுகதை அது. மகப்பேற்றின்பின் சோர்வுற்ற ஒருத்தி, கோடையில் வாடகைக்கு எடுத்த பழைய மாளிகையில் மூன்று திங்கள் தங்குகிறாள். கணவன் ஜான் மருத்துவன். அவள் உடன்பிறந்தானும் மருத்துவன். இருவரும் நோய் ஒன்றும் இல்லை, சிறிது நரம்புச் சோர்வே என்கின்றனர். கீழே ரோசாப் பூக்கள் சூழ்ந்த அறையை அவள் விரும்புகிறாள். கணவன் மாடியில் உள்ள பெரிய அறையைத் தேர்ந்தெடுக்கிறான். முன்பு அது குழந்தைகள் அறை என்று அவள் எண்ணிக்கொள்கிறாள். சாளரங்களில் கம்பி, சுவரில் வளையங்கள், தரையோடு ஆணியடித்த கட்டில், மாடிப்படித் தலைப்பில் ஒரு கதவு. பாக்கர்டை அடைத்ததும் குழந்தைகள் அறையே. கில்மன் அவ்வழக்கை மனத்திற்கொண்டார் என்று நான் சொல்லவில்லை. வளர்ந்த பெண்ணைக் குழந்தையாக நடத்தும் சமுதாயம் அவளை அடைக்க வேறு எந்த அறையைத் தேடும்?

அவ்வறைச் சுவரில் ஒட்டிய பூவேலைத் தாள் அழுக்கு மஞ்சள் நிறம். அதன் கோலத்தில் ஒழுங்கே இல்லை. அதனை மாற்றும்படி அவள் கேட்கிறாள். முதலில் இசைந்த ஜான் பிறகு மறுக்கிறான்: தாளை மாற்றினால் அடுத்துக் கட்டிலை மாற்றச் சொல்வாய், பின் சாளரக் கம்பியை, பின் மாடிக் கதவை என்பது அவன் மறுமொழி. தன்னை அறியாமலே அவன் சிறையின் உறுப்புக்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லிவிடுகிறான். ஜான் மரியாவின் கணவனைப்போல் கொடியவன் அல்லன். அவன் மனைவியை நேசிக்கிறான். தூக்கிச்சென்று படுக்கையில் கிடத்திப் படித்துக் காட்டுகிறான். சிறுமியே என்று அழைக்கிறான். உடல் தேறாவிடில் வேர் மிட்செலிடம் அனுப்புவேன் என்றும் சொல்கிறான். கதையில் இடம்பெறும் உண்மைப் பெயர் அஃதொன்றே. முந்திய கதைகளில் தீயவனை நீக்கினால் துன்பமும் நீங்கிவிடும். இங்கே நீக்கத்தக்க தீயவன் இல்லை. அன்பும் அறிவும் உடையவன் அடைத்துவைக்கிறான். அதனாலேயே அவளால் மறுத்துப் பேச இயலவில்லை.

கதை முழுவதும் அவள் கூற்று. எழுதக்கூடாது என்ற விலக்கை மீறி, யாரேனும் வரும் ஓசை கேட்டால் ஒளித்துவைத்து, அவள் எழுதும் குறிப்புக்களே நாம் படிப்பவை. தொடக்கத்தில் எழுதுவதைப் பற்றி அடிக்கடி சொல்கிறாள். எழுதினால் மனம் இலேசாகிறது, மறைத்து எழுதுவதால் களைப்பும் உண்டாகிறது என்கிறாள். வாரங்கள் செல்லச் செல்ல எழுத்தைப் பற்றிய பேச்சுக் குறைகிறது. சுவர்த்தாளைப் பற்றிய பேச்சு மிகுகிறது. எழுதுதாள் விலக்கப்பட்டவள் சுவர்த்தாளைப் படிக்கத் தொடங்குகிறாள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழிலும் அவ்வாறே; மேலும், கதவைத் தாளிடுதல் என்று வழங்குவதால் தாள் என்பது அடைப்பின் கருவியையும் குறிக்கும். ஆசிரியை அறியாத பொருள் இது. மொழிபெயர்ப்போர் இழக்கலாகாத பொருள்.

நிலவொளியில் அத்தாளின் மேற்கோலம் சிறைக் கம்பிகளாகிறது. பின்னே ஒரு பெண் தோன்றுகிறாள். அவள் கம்பிகளைப் பற்றி உலுக்குகிறாள். பகலில் வெளியே வந்து ஊர்கிறாள். அறையின் அடிச்சுவரோரம் தோள் உராய்ந்த ஒரு நீண்ட தடம் இருக்கிறது; யார் ஊர்ந்த தடம் என்று கூறுபவள் வினவுகிறாள், நாமோ விடையை முன்பே அறிந்துவிடுகிறோம். நாத்தி ஜென்னி, அவள் ஆடைகளில் மஞ்சட்கறை கண்டதாகச் சொல்லியிருக்கிறாள். இங்கே கூற்றின் இயல்பு நுட்பமாக மாறுகிறது. அவள் சொல்வதை அப்படியே நம்ப முடியாது. ஆனால் அவள் சொல்லாவிட்டால் நாம் ஒன்றும் அறியோம். ஜான் எதனையும் காணவில்லை. உடம்பு தேறுகிறது, நிறம் வந்திருக்கிறது என்கிறான். பித்துற்றவள் சொல் நோயின் உண்மையைக் காட்டுகிறது. மருத்துவன் சொல் அதனை மறைக்கிறது. மரியாவும் பாக்கர்டும் தெளிந்தவர் என்று மெய்ப்பித்துக் கேட்கப்பெற்றனர். கில்மன் படைத்தவளோ தெளிவை இழந்துகொண்டே போகிறாள், இழக்கும்போதும் கேட்கப்படுகிறாள். அடுத்த அறையில் கிடந்தவள் வாய்திறந்தது இக்கதையில்தான் என்பது என் துணிபு.

இறுதி நாளில் அவள் கதவைப் பூட்டித் திறவுகோலை வெளியே எறிந்துவிட்டுத் தாளைக் கிழிக்கிறாள். கோடரி கேட்டுக் கதவை உடைக்க முனைந்த ஜான், திறவுகோல் கிடக்கும் இடத்தை அவளே சொல்ல, எடுத்துத் திறந்து, அவள் சுவரோரம் ஊர்வதைக் கண்டு மயங்கி விழுகிறான். அவன் மேலேறி அவள் ஊர்ந்துகொண்டே இருக்கிறாள். இதனைப் பெண்ணின் வெற்றி என்று கொண்டாடுவோர் உளர். ஒருவகையில் அதற்கு இடமுண்டு; மயங்கி வீழ்தல் அதுவரை பெண்பாத்திரங்களுக்கே உரிய செயல். எனினும் இடுப்பில் கயிறு கட்டித் தரையில் ஊர்பவள் விடுதலை பெற்றாள் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. ஜான் கண் விழிப்பான். பிலடெல்ஃபியாவோ காப்பகமோ காத்திருக்கும். கடைசித் தொடர் இறந்தகாலத்தில் அமைந்திருப்பதும் நோக்கத்தக்கது. அவன் மயங்கிக் கிடந்ததைப் பின்னர் ஒருநாள் அவள் சொல்கிறாள் என்றாகிறது. எங்கிருந்து சொல்கிறாள்? எழுதுகோல் எப்படிக் கிடைத்தது? கதை இதற்கு விடை தரவில்லை. கூற்று வென்றது, கூறியவள் வெல்லவில்லை என்று கொள்வதே பொருந்தும்.

'அட்லாண்டிக் மந்த்லி' ஆசிரியர் ஹோரஸ் ஸ்கடர், படித்துத் தாம் அடைந்த துன்பத்தைப் பிறர்க்கும் உண்டாக்க மனமில்லை என்று கதையைத் திருப்பியனுப்பினார். 1892 சனவரியில் 'நியூ இங்கிலாந்து மகசீன்' அதனை வெளியிட்டது. இத்தகைய கதையை எழுதலாகாது என்று பாஸ்டன் மருத்துவர் ஒருவர் கண்டித்தார். பித்தின் தொடக்கத்தை இவ்வளவு சரியாக விவரித்தது வேறில்லை என்று கன்சஸ் மருத்துவர் ஒருவர் பாராட்டினார். கதை தோன்றிய காரணத்தைக் கில்மன் 1913இல் தம் இதழில் விளக்கி, மிட்செல் இக்கதையைப் படித்தபின் தம் மருத்துவ முறையை மாற்றிக்கொண்டதாகக் கேள்வியுற்றேன் என்றும் எழுதினார். மிட்செலின் எழுத்துக்களில் இதற்குச் சான்று கிடைத்திலது. நெடுங்காலம் அச்சக் கதைத் தொகுப்புக்களில் மட்டும் உலவிய இதனை 1973இல் பெமினிஸ்ட் பிரஸ் தனிநூலாக்கிய பின்னரே பல்கலைக்கழகங்கள் பயிலத் தொடங்கின.

புகழோடு மறுப்பும் வந்தது. 1989இல் சூசன் லான்சர், மஞ்சள் என்ற நிறம் அக்கால அமெரிக்காவில் ஆசியக் குடியேறிகளின்மேல் இருந்த வெறுப்போடு தொடர்புடையது என்று சுட்டி, அறையில் அடைபட்ட வெள்ளைப் பெண்ணை எல்லாப் பெண்களுக்கும் உருவகமாக்குவதைக் கேள்விக்குள்ளாக்கினார். கில்மனின் பிற எழுத்துக்களில் இனவேற்றுமைக் கருத்துக்கள் வெளிப்படையாகவே உள்ளன. அவற்றை மறைத்து அவரைப் போற்றுதல் ஆராய்ச்சி ஆகாது. சுவர்த்தாளில் அதனைக் காண்பது சிறிது வலிந்த பொருள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் எவருடைய கூற்று இன்னும் கேட்கப்படவில்லை என்ற அவ்வினா உரியதே.

அவ்வினாவைப் பெர்த்தாவின் பொருட்டு எழுப்பியவர், கில்மன் இக்கதையை எழுதிய அதே 1890இல் மேற்கிந்தியத் தீவான டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரீஸ். 1966இல் அவர் வெளியிட்ட 'அகன்ற சர்காசோக் கடல்' பெர்த்தாவின் இளமையை, ஆன்ட்வனெட் என்ற அவளுடைய சொந்தப் பெயரில், அவள் வாயாலேயே சொல்கிறது. பெர்த்தா என்னும் பெயர் கணவன் இட்டது என்கிறார் ரீஸ். அங்கும் நடுப்பகுதியின் பெரும்பங்கைக் கணவனே கூறுகிறான். மூன்றாம் பகுதியை முதலில் தொடங்குபவள் கிரேஸ் பூல். பின்னரே, குளிர்ந்த மாடியறையில் இருப்பவள் பேசுகிறாள். காவற்பெண் உறங்கியதும் திறவுகோலை எடுத்து, மெழுகுவத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு இருண்ட இடைவழியில் அவள் நடக்கத் தொடங்குமிடத்தில் நூல் நின்றுவிடுகிறது.